நாற்பத்தேழைச் சங்கத்திலிருந்து நீக்கினோம்

போன வாரம், என்னிடம் வேலை பழகிய உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்து, "மேடம், ஒரு கம்ப்யூட்டரோட வெளி ஐபி அட்ரஸைப் புரோகிராம்ல எப்படி எடுக்கறது?" என்று கேட்டார். பத்து வரி வேலை, எங்கே தேடினாலும் கிடைக்கும், இதற்கெல்லாமா என்னைக் கூப்பிடுவது என்று சொல்லி வைத்துவிட்டேன். சிடுசிடுவென்றுதான் சொன்னேன். ஓய்வு பெற்றும் அந்தக் குணம் என்னை விட்டுப் போகவில்லை. வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. அந்தப் பத்து வரியை எழுதி நான் பட்ட பாட்டை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏனென்றால் நானே இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் கடைசியாக வேலை பார்த்தது தில்லை நகரில், நாலே பேர் இருந்த ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில். நாலு பேரில் நான்தான் வயதில் மூத்தவள். நான் எழுதியதை யாரும் சரிபார்க்க மாட்டார்கள். அதை ஒரு மரியாதை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். அசடு.

காந்தி மார்க்கெட் பக்கம் காய்கறி மொத்த வியாபாரிகள் சங்கம் ஒன்று எங்களிடம் வந்தது. பெயர் வேண்டாம். தினமும் விடிகாலையில் காய்களின் விலைப் பட்டியலை இணையத்தில் போட வேண்டும், ஊரில் உள்ள சில்லறைக் கடைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சரக்கெடுக்க வருவார்கள். அவ்வளவுதான் வேலை. பட்டியலைத் தட்டச்சு செய்யச் சங்கத்தில் ஸ்டெல்லா என்று ஒரு பெண் இருந்தாள். பாலக்கரையில் வீடு. முப்பது வயதைத் தாண்டியிருப்பாள். ஐந்து மணிக்கு மார்க்கெட் மாடியில் இருக்கும் சங்க அலுவலகத்துக்கு வந்து, கீழே மூட்டை இறக்குகிறவர்கள் போடும் கூச்சலுக்கு நடுவில் நாற்பது காய்க்கும் விலை ஏற்றுவாள். ஐந்தரை மணிக்கு வீட்டுக்கு ஓடிப்போய்ப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு ஒன்பது மணிக்குத் திரும்ப வருவாள். மூன்று வருஷமாகத் தற்காலிக வேலை. அடுத்த மாதத்திலிருந்து நிரந்தரம் என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். அவள் கணவர் வேலை செய்த அரியமங்கலம் லேத் பட்டறை அப்போது வாரத்தில் மூன்று நாள்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீடு ஸ்டெல்லாவின் வேலையில்தான் நின்றது.

சங்கத்தில் இன்னும் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் தலைவர். உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்தார், ஸ்ரீரங்கத்தில் வீடு. எதைப் பார்த்தாலும் விலை சொல்லுவார். என் கைப்பையைப் பார்த்து, "இது நூத்தைம்பதுக்கு மேல போகாதும்மா" என்றார் முதல் நாளே. மற்றவர் செயலாளர், எலுமிச்சை வியாபாரி. இளவயதில் சட்டக் கல்லூரியில் ஒரு வருஷம் படித்துவிட்டு நின்றுவிட்டவர். அந்த ஒரு வருஷத்தின் ஆசை தீராமல் சங்கத்தில் எதற்கெடுத்தாலும் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் ஆரம்பத்திலேயே, பட்டியலில் கைவைக்கும் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர், தனிக் கடவுச்சொல் வேண்டும் என்று சொன்னேன். செயலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சங்கம் ஒண்ணுதானேம்மா. எதுக்கு இருபது பேரு? 'சங்கம்'னு ஒரே பேரு போடுங்க. பிரிவினை வந்துரப் போவுது."

நான் வாதாடவில்லை. அன்று எனக்கு வேறு வேலை இருந்தது. சங்கத்தின் பெயர், கடவுச்சொல் இரண்டையும் அலுவலகச் சுவரில் கரும்பலகையில் எழுதி வைத்தார்கள், எலுமிச்சை வரத்துக்குப் பக்கத்தில். யார் போட்டது என்று தெரிய ஏதாவது வழி வேண்டுமே என்று, பட்டியலில் யார் எதை மாற்றினாலும் அது எந்த வெளி ஐபி எண்ணிலிருந்து வந்தது என்று குறித்து வைக்கும்படி எழுதினேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்து உன் எண் என்ன என்று கேட்டால், வீட்டுக்குள் ரவுட்டர் கொடுத்த எண்ணைத்தான் சொல்லும். அது வீட்டுக்குள் கூப்பிடுகிற செல்லப்பெயர் மாதிரி, தெருவில் செல்லாது. வெளியே எங்கேயோ இருக்கும் ஒரு சர்வரைத் தொடர்பு கொண்டு, நான் உனக்கு எந்த எண்ணாகத் தெரிகிறேன் என்று கேட்டால்தான் வெளி எண் தெரியும். மழை நாளில் ஸ்டெல்லா வீட்டிலிருந்தே பட்டியல் போடட்டும் என்று ஒருநாள் அவள் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தயார் செய்யப் போனேன். காபி கொடுத்தாள். குடித்துக்கொண்டே என் பத்து வரியை ஓட்டினேன். நாற்பத்தேழில் முடியும் ஒரு எண் வந்தது. அதை என் அட்டவணையில் எழுதி, எதிரே 'ஸ்டெல்லா வீடு' என்று போட்டேன். ரவுட்டருக்குள் போய், அது தன் வெளி எண் என்று எதை வைத்திருக்கிறது என்றும் பார்த்திருக்க வேண்டும். இரண்டும் வேறாக இருந்தால் நடுவில் இன்னொரு கதவு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு நிமிஷ வேலை. நான் பார்க்கவில்லை. காபி நன்றாக இருந்தது.

நாலைந்து மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடிற்று. பிறகு ஒரு புதன்கிழமை காலை ஏழு பத்துக்குப் பட்டியலின் அடியில், முள்ளங்கிக்குக் கீழே, ஒரு புது வரி முளைத்தது.

'தலைவர். முதல் ரகம். கிலோ மூன்று ரூபாய். வரத்து உண்டு, கேட்பாரில்லை.'

ஏழு நாற்பதுக்கு அந்த வரி அழிக்கப்பட்டுவிட்டது. அரை மணி நேரம்தான் இருந்தது. ஆனால் காய்கறிக் கடைக்காரர்கள் காலையில் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற பட்டியல் அது. படம் பிடித்துப் போனுக்குப் போன் அனுப்பிவிட்டார்கள். தலைவர் எட்டரை மணிக்கு மண்டிக்கு வந்தபோது, உறையூரிலிருந்து வந்த ஒரு கடைக்காரர் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "தலைவர் ரெண்டு கிலோ போடுங்க" என்று கேட்டிருக்கிறார்.

பத்து மணிக்கு அவசரக் கூட்டம். லேப்டாப்போடு என்னை வரச் சொன்னார்கள். பன்னிரண்டு பேர் நாற்காலிகளில் இருந்தார்கள். ஸ்டெல்லா சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"கம்ப்யூட்டர் அம்மா, கண்டுபிடிக்க முடியுமா?" என்றார் தலைவர். மனிதர் உண்மையிலேயே நொந்து போயிருந்தார்.

எனக்கு அந்த நிமிஷம் எப்படி இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சந்தோஷமாக இருந்தது. நான் எழுதிய ஒரு சின்னப் புரோகிராமுக்காகப் பன்னிரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது அதுவரை நடந்ததில்லை. பதிவைத் திறந்தேன். போட்டது நாற்பத்தேழு. அழித்ததும் நாற்பத்தேழு. என் அட்டவணையைப் பார்த்தேன்.

"இது ஸ்டெல்லா வீட்டு நம்பர்" என்றேன்.

"அழிச்சது நான்தாங்க" என்றாள் ஸ்டெல்லா. அவ்வளவுதான் சொன்னாள்.

செயலாளர் நோட்டில், 'ஒப்புக்கொண்டார்' என்று எழுதினார்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் என்னைத்தான் கேட்டார்கள். அந்த எண் தப்பாக வருமா, வேறு யாராவது அதைத் திருட முடியுமா, கோர்ட்டுக்குப் போனால் நிற்குமா. எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன். தெரியாததற்கும் சொன்னேன். கடைசியில் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, ஸ்டெல்லாவை உடனே நிறுத்தி வைப்பது, என்னிடம் எழுத்தில் சான்று வாங்கிய பிறகு வேலையிலிருந்து நீக்குவது. இரண்டாவது செயலாளரின் சொந்தக் கற்பனை. குற்றம் செய்த எண்ணையும் சங்கத்திலிருந்து நீக்குவது.

"எண்ணை எப்படிங்க நீக்கறது?" என்று ஒரு கத்தரிக்காய் வியாபாரி கேட்டார்.

"அம்மா நீக்குவாங்க" என்றார் செயலாளர். நோட்டில் 'திரு. 47' என்று எழுதியிருந்தார். தலைவர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

நானும் சரி என்றேன். ஒரு எண்ணிலிருந்து வருகிறவரை உள்ளே விடாமல் தடுப்பது எனக்கு ஒரு வரி வேலை. தடுக்கப்பட்டவருக்குத் திரையில் என்ன காட்ட வேண்டும் என்பதைச் செயலாளரே நின்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அன்று மாலை தில்லை நகர் ஆபீஸில் அதைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

என் வீடும் ஸ்ரீரங்கத்தில்தான். மறுநாள் காலை ஆறு மணிக்குக் காபியும் கையுமாக உட்கார்ந்து, பட்டியல் சரியாக வந்திருக்கிறதா என்று திறந்தேன்.

'தாங்கள் சங்கத்தின் மாண்பைக் குலைத்தமையால் இன்று முதல் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டுள்ளீர்கள். மேல்முறையீடு கிடையாது. இப்படிக்கு, செயலாளர்.'

மூன்று முறை படித்தேன். பிறகு என் பத்து வரியை என் வீட்டிலேயே ஓட்டினேன். நாற்பத்தேழு. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் என் சொந்த வீட்டின் வெளி எண்ணை அதுவரை ஒருநாளும் பார்த்ததில்லை. முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? ஒருவேளை அந்த வரியை நான்தான் போட்டேனோ என்பது. புதன்கிழமை ஏழு பத்துக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். அது நினைவுக்கு வந்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பிறகுதான் மூளை வேலை செய்தது. என் வீட்டுக்கு இணையம் தருகிற கேபிள்காரர்தான் ஸ்டெல்லா வீட்டுக்கும் தருகிறார். அவரிடம் இருக்கும் வெளி எண்கள் கொஞ்சம், வீடுகள் நிறைய. அதனால் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே எண்ணுக்குப் பின்னால் வைத்து ஓட்டுகிறார். வெளியிலிருந்து பார்த்தால் எல்லோரும் ஒரே ஆள். இது ஒன்றும் புதிய விஷயம் இல்லை, எல்லா ஊரிலும் செய்வதுதான், எனக்கும் தெரிந்ததுதான். தெரிந்தது தேவைப்பட்ட நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் ஞாபகம் இன்னும் மோசம்.

அதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. பாலக்கரையிலிருந்து கத்தரிக்காய்க்காரர்.

"அம்மா, நேத்து நான் ஒரு கேள்விதானேம்மா கேட்டேன். அதுக்கா நீக்கிட்டாங்க?"

அவரை அடுத்து ஒரு வாழைக்காய்க்காரர், தன் மனைவி அழுவதாகச் சொன்னார். அடுத்தவர் ஒரு பூசணிக்காய்க்காரர். அவர் மட்டும் நிதானமாக, "விட்டது தொல்லை. அதை எழுத்துல ஒரு காப்பி குடுப்பீங்களா?" என்று கேட்டார். தலைவர் எனக்குப் போன் செய்யவில்லை. நேராக மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது சங்க அலுவலகத்தில் தலைவரும் செயலாளரும் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தார்கள்.

"என் சங்கத்துலேந்து என்னையே நீக்கிட்டியாய்யா?"

"தீர்மானத்துல கையெழுத்து போட்டது நீங்கதான் தலைவரே."

"அப்ப அதை ரத்து பண்ணு."

"ரத்து பண்ணக் கூட்டம் போடணும். நீக்கப்பட்டவர் கூட்டத்துல உக்கார முடியாது."

"துணைத் தலைவரை வெச்சுப் போடு."

"அவரும் நீக்கப்பட்டிருக்காரு."

செயலாளர் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் நீக்கப்பட்டிருந்தார்கள். மீதி மூன்று பேர் வீட்டில் இணையம் இல்லாதவர்கள், அவர்களில் செயலாளரும் ஒருவர். மூன்று பேரை வைத்துக்கொண்டு கூட்டம் நடத்தச் சட்டத்தில் இடமில்லை. அவருக்கு அதில் உள்ளூர ஒரு திருப்தி இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன். இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

நான் வாயைத் திறந்து, "சர்வர் ப்ராப்ளம்" என்றேன்.

அறையே குளிர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க" என்றார் தலைவர். "சர்வர்னா நம்ம என்ன பண்ண முடியும்" என்றார் அதற்குள் வந்து சேர்ந்திருந்த கத்தரிக்காய்க்காரர். அரை நிமிஷத்தில் தடையை எடுத்தேன். நீக்கப்பட்டவர்கள் எல்லோரும் சங்கத்துக்குத் திரும்பி வந்தார்கள். யாரோ டீ சொன்னார்கள். இந்த இரண்டு வார்த்தைகளை நீங்களும் சொல்வீர்கள். சொல்ல வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்கிற நேரத்தில் வேறு யார் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று ஒருதடவை பாருங்கள்.

டீ வருவதற்குள் செயலாளர் ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தார். நான் தர வேண்டிய சான்று. அவரே எழுதியிருந்தார். '47 என்னும் எண் ஸ்டெல்லா என்பவரின் இல்லத்திற்கு மட்டுமே உரியது எனச் சான்றளிக்கிறேன்.' பக்கத்தில் ஸ்டெல்லாவை வேலையிலிருந்து நீக்கும் கடிதம், தேதி உட்படத் தயாராக இருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் அதில் தலைவர் கையெழுத்துப் போடுவார். பேனாவையும் செயலாளரே திறந்து கொடுத்தார்.

நான் ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. நேற்று இதே அறையில் கோர்ட்டில் கூட நிற்கும் என்று சொல்லியிருந்தேன். இப்போது இல்லை என்றால் அந்தச் சங்கம் மட்டுமில்லை, மார்க்கெட்டே சிரிக்கும், கம்பெனிக்குக் கெட்ட பெயர் வரும். இன்னும் இரண்டு நாள் அவகாசம் கேட்கலாமா என்று பார்த்தேன். அவள் ஏழு பத்துக்கு வீட்டில்தானே இருந்தாள், அவளே போட்டிருக்கவும் கூடுமே, அப்படியானால் நான் சொன்னது தப்பாகவே இருந்தாலும் முடிவு சரிதானே என்றும் ஒரு கணம் யோசித்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. என் வீட்டில் அன்று காலை பார்த்ததை என்னைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த 'மட்டுமே' என்ற சொல்லைத் தாண்டிப் பேனா போகவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

"நேத்து நான் சொன்னது தப்பு. அந்த நம்பர் என் வீட்டுக்கும் இருக்கு. சர்வர் ப்ராப்ளம்னு இப்ப சொன்னதும் பொய்" என்றேன்.

யாரும் நம்பவில்லை. அதுதான் வேடிக்கை. நேற்று தெரியாமல் சொன்னதை அப்படியே நம்பியவர்கள், இன்று தெரிந்து சொல்வதை நம்பவில்லை.

"பாவம் பாக்கறீங்க" என்றார் செயலாளர்.

"என் வீட்லயும் நாப்பத்தேழு வரும்ங்கிறீங்களா?" என்றார் தலைவர்.

"வரும். அதனாலதான் உங்களையும் நீக்கிச்சு."

"வரலன்னா?"

"வரலன்னா கையெழுத்து போடறேன்."

மூன்று பேரும் தலைவர் காரில் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனோம். செயலாளர் முன்சீட்டில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தலைவரின் வீடு ஒரு அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. அவர் மனைவி கதவைத் திறந்து, "வாங்கம்மா, வாங்கண்ணே" என்று உட்காரச் சொல்லிவிட்டு மோர் எடுத்து வரப் போனார். நான் லேப்டாப்பை அவர்கள் வீட்டு இணையத்தில் இணைத்து ஓட்டினேன். ஒருவேளை இங்கே வேறு எண் வந்துவிட்டால் ஸ்டெல்லா கதை அதோடு முடிந்தது.

நாற்பத்தேழு.

தலைவர் திரையை உற்றுப் பார்த்தார். செயலாளர் பேனாவைத் திறந்தார்.

"தலைவரே, அப்ப சந்தேகம் உங்க மேலயும் வருது. சம்பவத்தன்னிக்கு காலைல ஏழு பத்துக்கு எங்க இருந்தீங்க?"

"யோவ்."

"பதிவுக்குத்தான் கேக்கறேன்."

"பாத்ரூம்ல."

"சாட்சி?"

தலைவர் அடிக்க எழுந்தேவிட்டார். மோர்த் தம்ளர்களோடு வந்த அவர் மனைவி, என்ன விஷயம் என்று கேட்டார். அவமானத்தில் மனிதர் வீட்டில் ஒரு வார்த்தை மூச்சு விட்டிருக்கவில்லை. வேறு வழியில்லாமல் நான்தான் அந்த வரியைச் சொன்னேன்.

"அதுவா? அது நான் போட்டதுங்க" என்றார் அந்த அம்மா.

தலைவர் தினமும் காலையில் பட்டியலைப் பார்த்துச் 'சரி' என்று ஒரு பட்டனை அழுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. கண்ணாடி போட்டுக்கொள்ளச் சோம்பல்பட்டு அந்த வேலையை மனைவியிடம் விட்டிருக்கிறார். வீட்டில் இருந்த டேப்லெட்டில் அந்த அம்மாதான் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார். புதன்கிழமை காலை இட்லியைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு இவர், "இதுக்கு மார்க்கெட்ல ரெண்டு ரூபா கூடத் தர மாட்டான்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். முப்பத்தெட்டு வருஷமாக இதே மாதிரி விலைதானாம். அந்த அம்மா டேப்லெட்டை எடுத்து அவருக்கும் ஒரு விலை போட்டுவிட்டார். குளித்துவிட்டு வந்து அவர் பார்ப்பார் என்று நினைத்தாரே தவிர, அது ஊருக்கே போகும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது.

"மூணு ரூபாயா?" என்றார் தலைவர். அவர் அதைத்தான் கேட்டார்.

"நேத்து நெலவரம் அதான்."

செயலாளர் நோட்டில் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு மூடினார். நான், தலைவர் கையோடு சட்டைப்பையில் எடுத்து வந்திருந்த நீக்கக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, அது யாருக்கு என்று அந்த அம்மாவிடம் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ஸ்டெல்லாவையா? அந்தப் பொண்ணுக்குத்தானே நான் போன் போட்டு, புது லைன் எப்படிம்மா சேக்கறதுன்னு கேட்டேன். நீங்கள்லாம் மனுஷங்களா?"

தலைவர் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக் கிழித்தார். ஸ்டெல்லாவுக்குப் போன் செய்யப் போனவரை அந்த அம்மா தடுத்தார். "போன்ல எல்லாம் பேசக் கூடாது. சாயங்காலம் நேர்ல போறோம். நானும் வரேன்." நான் அதுவரை காத்திருக்க முடியாமல் அங்கிருந்தே பஸ் பிடித்துப் பாலக்கரைக்குப் போனேன். வழியெல்லாம் பேச வேண்டியதை மனசுக்குள் ஓட்டிக்கொண்டு போனேன். கேபிள்காரர், எண்கள், நூற்றுக்கணக்கான வீடுகள் என்று விளக்கமாக ஒரு பேச்சு தயாராக இருந்தது.

ஸ்டெல்லா வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா" என்று உள்ளே கூட்டிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். கண் வீங்கியிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் வேலை போகவில்லை, அடுத்த மாதம் நிரந்தரமும் உண்டு, தலைவரும் அவர் வீட்டு அம்மாவும் சாயங்காலம் வருகிறார்கள் என்று சொன்னேன். அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு நேத்தே தெரியும்க்கா. அந்தம்மா போன் பண்ணப்பவே குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. அப்புறம் லிஸ்ட்டைப் பாத்தேன். பதறிப்போய் அழிச்சேன்."

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"புருஷன் பொண்டாட்டி விஷயம். பன்னெண்டு ஆம்பளைங்க நடுவுல நின்னுகிட்டு, உங்க வீட்லதான் போட்டாங்கன்னு அவர் மூஞ்சிக்கு நேரா எப்படிக்கா சொல்றது? அந்தம்மாவே சொல்லுவாங்கன்னு இருந்தேன். அவங்களுக்கு விஷயமே தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நான் என் பேச்சைத் தொடங்கினேன். ஒரே எண் எப்படிப் பல வீடுகளுக்குப் போகிறது, நான் ரவுட்டரைப் பார்க்காமல் விட்டது, எல்லாம். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "நம்பர் தப்புன்னு சொல்றீங்க" என்றாள்.

"ஆமா."

"நம்பர் சரியா இருந்திருந்தா?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"ஒரு மணி நேரம் நின்னேன்க்கா. அந்த நம்பரைப் பத்தி எத்தனை கேள்வி. நான் மூணு வருஷமா அவங்களோட வேலை செய்யறேன், நீங்க எங்க வீட்ல வந்து காபி சாப்பிட்டிருக்கீங்க. நீ செஞ்சியான்னு என்னைய ஒருத்தர் கேக்கல."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"நான் இல்லன்னு சொல்லியிருப்பேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நீங்க நம்பியிருக்க மாட்டீங்க. ஆனா கேட்டிருப்பீங்கல்ல."

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவள் வேலைக்கு வந்துவிட்டாள். என்னோடு பேசத்தான் மூன்று மாதம் ஆயிற்று.